உளி தீட்டத் தொடங்குவோருக்கு: எதை வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது

முதன்முதலாக மூன்று மரவேலை உளிகளை வாங்கியபோது, உறையைப் பிரித்த அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவை மரத்தை வெட்டவில்லை, நசுக்கின. கூர் போதவில்லை என்று எண்ணி, கிடைத்தவற்றுள் மிக நுண்ணியதான 8000 எண் நீர்க்கல் (நீர் விட்டுத் தீட்டும் கல்; எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) ஒன்றை வாங்கி, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அதில் மட்டுமே தேய்த்துக்கொண்டிருந்தேன். உளியின் சரிவு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கியதே தவிர, வெட்டு மட்டும் மாறவே இல்லை. குறை என் நுண்கல்லில் இல்லை என்பதும், அதற்கு முன்னால் வேலை செய்திருக்க வேண்டிய சொரசொரப்பான கல் என்னிடம் இல்லாததே குறை என்பதும் மிகவும் தாமதமாகத்தான் விளங்கின. அந்த இரண்டு மாதங்களும் வீண்செலவும் உங்களுக்கு நேராமல் இருக்க, கருவிகளை வாங்கும் வரிசையையும் தீட்டும் வரிசையையும் இங்கே எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். உளித் தகட்டின் ஒரு முகம் முழுவதும் தட்டையாக இருக்கும். அதைத் தட்டைப்பக்கம் என்கிறேன். எதிர்முகத்தின் நுனி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், அது சரிவு. இவை இரண்டும் சந்திக்கும் கோடே உளியின் வாய். அந்தக் கோடு எந்த அளவுக்கு அகலமில்லாமல் இருக்கிறதோ அந்த அளவுக்கு உளி கூராக இருக்கும். ஆகவே இரண்டு முகங்களில் ஒன்றை மட்டும் தீட்டிக் கூர் வரவழைக்க முடியாது.

1. எதையும் வாங்கும் முன் உளியைப் பரிசோதியுங்கள்

புதிய உளியின்மீது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய வார்னிஷ் படலம் இருக்கக்கூடும். அதைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். இல்லாவிட்டால் அது கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளும். பிறகு தட்டைப்பக்கத்தின் குறுக்கே ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் சிறிது வெளிச்சம் தெரிந்தால், அதாவது தட்டைப்பக்கம் உட்குழிந்திருந்தால், கவலை வேண்டாம். ஓரங்கள் கல்லில் படிவதால் அதை எளிதில் சமன் செய்துவிடலாம். நடுப்பகுதி மேடாக இருந்து ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால், உளி கல்லின்மேல் ஆடும். அதைத் திருத்த நெடுநேரம் ஆகும். புதிதாக வாங்கியதாக இருந்தால் அத்தகைய உளியை மாற்றித் தரும்படி கேட்பதே நல்லது.

பழைய உளியாக இருந்தால் துருவின் ஆழத்தைக் கவனியுங்கள். மேலோட்டமான செந்துரு தேய்த்தால் போய்விடும். ஆனால் தட்டைப்பக்கத்தில் வாய்க்கு அருகே புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால், அந்த ஒவ்வொரு குழியும் வாயை எட்டும்போது ஒரு பல்லாக, அதாவது வாயில் விழுந்த சிறு பள்ளமாக, மாறும். குழிகள் ஆழமாக இருந்தால் அந்த உளியை விட்டுவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதற்குச் செலவாகும் நேரம் கட்டுப்படியாகாது.

சரிவின் கோணத்தை அளக்கக் கோணமானி தேவையில்லை. சரிவு தொடங்கும் இடத்தில் தகட்டின் தடிமனையும், சரிவின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளம் தடிமனைப்போல் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் கோணம் 30 டிகிரி, ஏறத்தாழ 2.4 மடங்காக இருந்தால் 25 டிகிரி. எடுத்துக்காட்டாக, 4 மி.மீ. தடிமனுள்ள உளியில் சரிவு 8 மி.மீ. இருந்தால் 30 டிகிரி, 9.5 மி.மீ. இருந்தால் 25 டிகிரி. ஒவ்வோர் உளிக்கும் இந்தக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை தீட்டும்போது நினைவை நம்பிக் கோணத்தை மாற்றிவிடும் தவறு இதனால் தவிரும்.

2. நான்கு முறைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு முறையில் பாதி, இன்னொரு முறையில் பாதி என்று வாங்கி, எதிலும் முழுமை பெறாமல் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். எந்த முறையானாலும் ஒழுங்காகச் செய்தால் மயிரை மழிக்கும் கூர் கிடைக்கும். வேறுபாடு செலவிலும் நேரத்திலும் பராமரிப்பிலும்தான் இருக்கிறது.

கண்ணாடிமேல் உப்புத்தாள்: தொடக்கச் செலவு மிகக் குறைந்த முறை இது. குறைந்தது 6 மி.மீ. தடிமனுள்ள தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளை ஒட்டிவைத்துத் தீட்டுவதுதான் செய்முறை. ஆனால் தாள் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் செலவு மாதந்தோறும் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஓராண்டுத் தாளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் நல்ல கல்லின் விலையை நெருங்கிவிடும். தாள் சரியாக ஒட்டாமல் சற்றே எழும்பியிருந்தாலும் அது வாயின்மேல் மடங்கி, கூரை உருட்டிவிடும். தாளில் உளியை உங்கள் பக்கமாக இழுக்க மட்டுமே வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் வாய் தாளைக் கிழித்துவிடும். ஒன்றிரண்டு உளிகள் மட்டும் வைத்திருப்பவருக்கும், இந்த வேலை தமக்குப் பிடிக்குமா என்று சோதிப்பவருக்கும் இந்த முறை போதுமானது.

எண்ணெய்க்கல்: மெதுவாகத் தேயும், நெடுங்காலம் உழைக்கும். இதன் இன்னொரு முகம் என்னவென்றால், வெட்டுவதும் மெதுவாகத்தான். கடினமான கலப்பு எஃகில் செய்த உளிகளில் இந்தத் தாமதம் நன்றாகத் தெரியும். மெல்லிய கனிம எண்ணெயையே பயன்படுத்துங்கள். சமையல் எண்ணெய் நாள்பட்டுப் பிசினாக இறுகிக் கல்லை அடைத்துவிடும். தீட்டிய பின் கையிலும் உளியிலும் உள்ள எண்ணெயை நன்றாகத் துடைக்காமல் மரத்தைத் தொட்டால் கறை படியும்.

நீர்க்கல்: வேகமாக வெட்டும், மிக நுண்ணிய மெருகும் தரும். அந்த வேகத்துக்குக் காரணம், மேலேயுள்ள மழுங்கிய துகள்கள் உதிர்ந்து புதிய துகள்கள் வெளிப்படுவதே. அதே காரணத்தால் கல் நடுவில் குழிந்துகொண்டே போகும். குழிந்த கல்லில் தட்டைப்பக்கத்தை ஒருபோதும் சமன் செய்ய முடியாது. ஆகவே நீர்க்கல் வாங்குபவர் அதைச் சமப்படுத்தும் கருவிக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பெட்டியோடு வரும் குறிப்புத் தாளைத் தூக்கி எறியாமல் படியுங்கள். சில கற்களை 10, 15 நிமிடங்கள் நீரில் ஊறவைக்க வேண்டும். சிலவற்றுக்கு மேலே சிறிது நீர் தெளித்தால் போதும். இந்த இரண்டாம் வகைக் கற்களை நீண்ட நேரம் ஊறவைத்தால் விரிசல் விட வாய்ப்புண்டு.

வைரத் தகடு: உலோகத் தகட்டின்மேல் வைரத் துகள்களைப் பதித்துச் செய்தது. குழியாது, எந்த எஃகையும் வெட்டும், ஊறவைக்கத் தேவையில்லை. தொடக்கச் செலவு கூடுதல். துகள்கள் உதிர்ந்துவிட்டால் புதுப்பிக்கவும் முடியாது. புதிய தகடு முதல் சில நாட்கள் எதிர்பார்த்ததைவிடச் சொரசொரப்பாகக் கீறும், பிறகு சீராகிவிடும். அதைக் கண்டு தகடு கெட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். தகட்டைக் கெடுக்கும் ஒரே பெரிய தவறு அழுத்தித் தேய்ப்பதுதான். உளியின் எடையோடு விரல்களின் மெல்லிய அழுத்தம் போதும். தீட்டும்போது சிறிது நீரைத் தெளித்துக்கொண்டு, முடிந்தவுடன் கழுவித் துடைத்து உலர்த்தி வையுங்கள்.

என் பரிந்துரையைக் கேட்டால், 300 முதல் 400 வரையிலான எண்ணில் ஒரு வைரத் தகடு, 1000 அல்லது 1200 எண்ணில் இன்னொன்று, மெருகுப் பசை தடவிய ஒரு தோல்பட்டை ஆகிய மூன்றே போதும். பணம் குறைவாக இருந்தால் முதலில் சொரசொரப்பான தகட்டையும் தோல்பட்டையையும் வாங்கி, இடைப்பட்ட வேலைக்குச் சில காலம் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். மிக நுண்ணிய விலையுயர்ந்த கல்லை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்குங்கள், அல்லது வாங்காமலே விட்டுவிடுங்கள். வேலையின் பெரும்பகுதி சொரசொரப்பான கல்லில்தான் நடக்கிறது. பணமும் அங்கேயே போக வேண்டும்.

3. கிரிட் (துகள் நுண்மை) எண்களை ஒப்பிடும்போது ஏமாறாதீர்கள்

உப்புத்தாளின் 1000 எண்ணும் ஜப்பானிய நீர்க்கல்லின் 1000 எண்ணும் ஒன்றல்ல. தாளின் பின்புறத்தில் பி என்ற எழுத்தோடு அச்சிட்டிருக்கும் 1000 எண்ணில் துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஜப்பானிய அளவுமுறையில் அதே 1000 என்பது ஏறத்தாழ 11.5 மைக்ரான். அதாவது, பி 1500, பி 2000 தாள்கள்தான் ஜப்பானிய 1000 எண் கல்லுக்கு அருகில் வருகின்றன. இரண்டு முறைகளைக் கலந்து பயன்படுத்துவோர், ‘1000 எண் தாளில் தேய்த்தாயிற்று, இனி 1000 எண் கல் எதற்கு’ என்று நினைத்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். மைக்ரான் அளவு அச்சிட்டிருந்தால் அதையே பாருங்கள். எண்ணைவிட அது நம்பத்தகுந்தது.

4. கோணத்தை முடிவு செய்யுங்கள்

கொட்டாப்புளியால் அடிக்காமல் கையால் தள்ளிச் சீவ மட்டும் பயன்படும் உளிக்கு 25 டிகிரி பொருந்தும். அடித்தும் சீவியும் பயன்படுத்தும் பொது உளிக்கு 30 டிகிரி. கடினமான மரத்தில் ஆழமான துளை எடுக்கும் உளிக்கு 35 டிகிரி வரை போகலாம். கோணம் குறையக் குறைய உளி எளிதாக நுழையும், ஆனால் வாய் விரைவில் உதிரும். உங்கள் உளியின் வாய் வேலையின் நடுவே அடிக்கடி பொடிந்தால் எஃகைக் குறை சொல்லும் முன் கோணத்தை இரண்டு டிகிரி கூட்டிப் பாருங்கள்.

சரிவு முழுவதையும் 25 டிகிரியில் வைத்து, நுனியில் மட்டும் ஒரு மி.மீ. அகலத்துக்கு 30 டிகிரியில் இரண்டாம் சரிவு ஒன்றை உருவாக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பட்டையை மட்டும் தீட்டினால் போதும். நாளடைவில் பட்டை அகன்று சரிவில் பாதியை எட்டும்போது, முதல் சரிவைச் சொரசொரப்பான தகட்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கையால் கோணம் பிடிக்கப் பழகுவதா, ஹோனிங் கைடு எனப்படும் சக்கரம் பொருத்திய பிடியை வாங்குவதா என்ற கேள்வி எழும். முதல் ஆண்டில் பிடியை வாங்குங்கள் என்பேன்; கையால் தீட்டுவதே வீரம் என்று நினைத்து நான் என் முதல் உளியின் சரிவை வாழைப்பழம்போல் வளைத்து வைத்தேன். இருபக்கமும் இறுக்கும் வகைப் பிடியே விலை குறைந்தது. அதில் உளியின் வாய் பிடியிலிருந்து எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறதோ அதுவே கோணத்தை முடிவு செய்யும். பரவலாகக் கிடைக்கும் வடிவத்தில் 40 மி.மீ. நீட்டினால் 25 டிகிரி, 30 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. பிடிக்குப் பிடி இந்த அளவு மாறும் என்பதால், முதல் முறை தீட்டிய பிறகு மேலே சொன்ன மடங்குக் கணக்கால் சரிபாருங்கள். பிறகு ஒரு பலகைத் துண்டில் அந்த நீளங்களுக்கு மரத் தடுப்புகளை ஆணியடித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அளக்காமல் உளியைத் தடுப்பில் முட்டவைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

5. தட்டைப்பக்கத்தைச் சமன் செய்யுங்கள்

இது ஓர் உளியின் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை செய்யும் வேலை. ஆனால் பலரும் தவிர்க்கும் வேலையும் இதுவே. தட்டைப்பக்கம் முழுவதையும் மெருகேற்ற வேண்டாம். வாயிலிருந்து இரண்டு அல்லது மூன்று செ.மீ. நீளம் சீராக இருந்தால் போதும். உளியைக் கல்லின்மேல் முற்றிலும் படியவைத்து, வாய்க்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரல்களால் அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உளியின் கைப்பிடியைப் பற்றிய கை ஒரு நொடி உயர்ந்தாலும் வாயோரம் உருண்டுவிடும். பிறகு அதைத் திருத்த மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் அந்தப் பரப்பில் மார்க்கர் பேனாவால் கோடுகள் வரையுங்கள். எங்கே மை அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. வாயை ஒட்டி, இரு மூலைகளிலும், மை முழுவதும் அழிந்து ஒரே மாதிரியான கீறல்கள் தெரியும் வரை சொரசொரப்பான கல்லை விட்டு நகராதீர்கள். நல்ல உளிக்கு 10 நிமிடங்களும், மோசமான உளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இழைப்புளித் தகட்டுக்கு, மெல்லிய அளவுகோலைக் கல்லின் ஓரத்தில் வைத்துத் தட்டைப்பக்கத்தைச் சற்றே சாய்த்துத் தீட்டும் உத்தி ஒன்று உண்டு. அதை உளிக்குச் செய்யாதீர்கள். உளி வேலையின்போது அந்தத் தட்டைப்பக்கத்தையே ஆதாரமாகக் கொண்டு மரத்தின்மேல் படிந்து நகர்கிறது. அங்கே சாய்வு வந்துவிட்டால் உளி மரத்தை விட்டு விலகிக்கொண்டே இருக்கும்.

6. சரிவில் பிசிறு எழும் வரை தீட்டுங்கள்

உளியைப் பிடியில் இறுக்கி, வாய் பிடிக்குச் சதுரமாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்து, சொரசொரப்பான தகட்டில் தீட்டத் தொடங்குங்கள். சரிவும் தட்டைப்பக்கமும் வாயில் உண்மையாகவே சந்தித்துவிட்டால், எஃகின் மெல்லிய இழை ஒன்று தட்டைப்பக்கமாக மடிந்து நிற்கும், அதுவே பிசிறு. தட்டைப்பக்கத்தின் மேலிருந்து வாயைத் தாண்டி வெளியே விரலை மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள்.

பிசிறு வாயின் முழு அகலத்திலும், இரண்டு மூலைகளிலும் தெரிய வேண்டும். ஒரு மூலையில் தெரியாவிட்டால் அங்கே பழைய மழுங்கல் அப்படியே இருக்கிறது என்று பொருள். அடுத்த நுண்கல் எதுவும் அதைத் தீர்க்காது. நான் 8000 எண் கல்லில் இரண்டு மாதங்கள் தேய்த்தும் உளி வெட்டாததற்கு முழுக் காரணமும் இதுதான்: ஒருமுறைகூடப் பிசிறு எழவில்லை. பிசிறு எழும்வரை நுண்கல்லைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம்.

6 மி.மீ. போன்ற குறுகிய உளிகள் பிடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அவற்றுக்குப் பிடியின்மேல் அழுத்தாமல், வாய்க்கு நேர்மேலே விரலை வைத்து மெதுவாக இழுங்கள். ஐந்தாறு இழுப்புகளுக்கு ஒருமுறை மூலைமட்டத்தால் சரிபாருங்கள்.

7. நுண்கல்லும் தோல்பட்டையும்

பிசிறு எழுந்த பிறகு மீதி வேலை விரைவில் முடிந்துவிடும். 1000 அல்லது 1200 எண்ணில், முந்தைய கீறல்கள் மறையும்வரை 20, 30 இழுப்புகள். அடுத்த கல்லுக்கு மாறும் முன் உளியையும் பிடியின் சக்கரத்தையும் துடையுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் ஒரே ஒரு சொரசொரப்பான துகள் நுண்கல்லில் ஆழமாகக் கீறிவிடும். பிறகு உளியைப் பிடியிலிருந்து கழற்றி, தட்டைப்பக்கத்தைக் கல்லில் முற்றிலும் படியவைத்து நான்கைந்து முறை இழுத்தால் பிசிறு பெரும்பாலும் நீங்கும்.

தோல்பட்டையைத் தொங்கவிடாமல் ஒரு தட்டையான பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை நிற மெருகுப் பசையைச் சிறிதளவு பூசி, உளியை வாய் பின்னால் வரும்படி மட்டும் இழுங்கள். சரிவில் பத்து முறை, தட்டைப்பக்கத்தில் பத்து முறை போதும். கூடுதலாகத் தேய்த்தாலோ அழுத்தினாலோ தோல் வாயைச் சுற்றி எழும்பி, பாடுபட்டுக் கொண்டுவந்த கூரை உருட்டிவிடும்.

8. கூர் பார்த்தல்

தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பதைப் பழமொழி கண்டிக்கிறது; உளிக்கோ மரத்தில் பார்ப்பதைத் தவிர நம்பகமான சோதனை இல்லை. பைன் போன்ற மென்மரத் துண்டு ஒன்றை நார்களுக்குக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள். மழுங்கிய உளி மென்மையான நார்களை வெட்டாமல் நசுக்குவதால் முகம் வெளிறிச் சொரசொரப்பாகத் தெரியும். கூரான உளி பளபளப்பான, நிறம் ஆழ்ந்த முகத்தை விட்டுச்செல்லும். கடினமான மரம் அரைகுறைக் கூரையும் மன்னித்துவிடும் என்பதால் அதில் சோதிக்காதீர்கள். மரம் கையில் இல்லாவிட்டால் விளக்கடியில் வாயை நேராகப் பாருங்கள்: மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக ஒளிரும், கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது.

9. மின்சாணை எப்போது தேவை

வாயில் பெரிய பல் விழுந்தபோதும், கோணத்தையே மாற்ற வேண்டியபோதும் தவிர, தொடக்கத்தில் தேவையே இல்லை. வைத்திருந்தால், உங்கள் முதல் எதிரி சூடு. சாதாரண உயர்கரிம எஃகின் வாய் முதலில் வைக்கோல் நிறமாகி, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலமாகிறது. நீலம் படர்ந்த பகுதி கடினத்தை இழந்துவிட்டது, நீரில் தோய்ப்பதால் அது திரும்பாது. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே உளி கையைச் சுடுவதற்கு முன்பே, சில நொடிகளுக்கு ஒருமுறை நீரில் தோயுங்கள். பல்லை நீக்க, முதலில் வாயைச் சக்கரத்துக்குச் செங்குத்தாகப் பிடித்துப் பல் மறையும்வரை நேராக மழுக்கிவிட்டு, பிறகே சரிவை எடுங்கள். தடித்த விளிம்பு அவ்வளவு விரைவில் சூடேறாது. வாய் மெல்லியதாகும் முன் நிறுத்திவிட்டு மீதியைத் தகட்டில் முடியுங்கள்.

புதிய சக்கரத்தைப் பொருத்தும் முன் அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட உச்சவேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று படியுங்கள். சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், பொருத்தாதீர்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கவசம் அணியுங்கள். துணிக் கையுறை அணியாதீர்கள்.

10. நேரமும் பராமரிப்பும்

புதிய உளி ஒன்றை முதல் முறை தயார் செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று உளிகள் இருந்தால் ஒரே நாளில் முடிக்க முயலாமல் நாளுக்கு ஒன்றாகச் செய்யுங்கள், களைத்த கை கோணத்தைக் கெடுக்கும். அதன் பிறகு வழக்கமான தீட்டலுக்கு ஐந்து நிமிடங்கள், தோல்பட்டைக்கு அரை நிமிடம். வேலையின் நடுவே தள்ளுவதற்குக் கூடுதல் வலு தேவைப்படுவதை உணர்ந்த உடனேயே தோல்பட்டையில் இழுங்கள். மூன்று நான்கு முறை அப்படிச் செய்தும் கூர் திரும்பாவிட்டால் 1000 எண்ணுக்குப் போங்கள். முழுவதும் மழுங்கும்வரை காத்திருந்தால் திரும்பவும் சொரசொரப்பான தகட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

தீட்டி முடித்த உளியை நீர்த்துளி இல்லாமல் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, வாய்க்கு உறை போட்டு வையுங்கள். மற்ற உளிகளோடு ஒரே பெட்டியில் சேர்த்துப் போட்டால், பெட்டியைத் தூக்கும்போதே வாயில் பல் விழுந்துவிடும்.